ஆயிரம் பேர் நடுவே தனியாடல்

கேள்வியின் எல்லை

பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் உலவும்படி கட்டப்பட்ட கற்பனை உலகில், எவரோடும் அணி சேராமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஆடி மகிழ முடியுமா? ஆட்டக்காரர்கள் எம்.எம்.ஓ என்று சுருக்கி அழைக்கும் இணையப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பரவிய நாள்முதல் இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. ஒரு சாரார் இதைக் குற்றச்சாட்டாகவே கேட்கிறார்கள்: தனியாக ஆடுவதற்கென்றே எத்தனையோ விளையாட்டுகள் இருக்க, இங்கே என்ன வேலை? இன்னொரு சாரார் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: எனக்குத் தெரிந்தவர் யாரும் ஆடுவதில்லை, அந்நியரோடு சேரக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அந்த உலகத்தைப் பார்க்க ஆசை, நான் உள்ளே போகலாமா?

தயங்குவோருக்கான நடைமுறை விடை எளிது: போகலாம். 2004க்குப் பின் வந்த பெரிய எம்.எம்.ஓக்களில் பெரும்பாலானவை கதையின் பெரும்பகுதியைத் தனியாகவே கடக்க இடம் தருகின்றன. ஆய்வுக்குரியது அடுத்த கேள்விதான். அங்கே தனியாக ஆடுபவர் அடையும் இன்பம் எங்கிருந்து வருகிறது? அது வீட்டில் இணையத் தொடர்பின்றி ஆடும் விளையாட்டின் இன்பம்தானா, அல்லது வேறொன்றா?

அது வேறொன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். எம்.எம்.ஓவில் தனியாக ஆடுபவர் பிறரோடு சேர்வதில்லை என்பது உண்மை. ஆனால் அவருடைய இன்பத்தின் பெரும்பங்கு, பிறர் அங்கே இருப்பதால்தான் உண்டாகிறது. ஆகவே தனியாடலை முழுமைப்படுத்துவதற்காகப் பிற மனிதரின் தேவையை முற்றாக நீக்கும் வடிவமைப்பு, தனியாடுபவருக்கே கேடு செய்யக்கூடும். பிறர் உலவும் சர்வரில் இருந்துகொண்டே அணி சேராமல் ஆடுவதைத்தான் இங்கே தனியாடல் என்கிறேன்.

கூட்டு கட்டாயமாக இருந்த காலம்

இவ்வகையின் மூதாதை, 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’. படம் கிடையாது, எழுத்து மட்டுமே. அந்த அனுபவத்திலிருந்து பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரை, ஆட்டக்காரரைச் சாதிப்போர், சுற்றிப் பார்ப்போர், பழகுவோர், கொல்வோர் என நால்வகையாகப் பிரித்தது. இன்றும் மேற்கோள் காட்டப்படும் இந்தப் பகுப்பில் தனியாடல் குறித்துக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் இரு வகையினரின் நாட்டம் முதன்மையாக உலகத்தின் மீதுதான். மற்ற மனிதர் மீது அல்ல. தனியாடலுக்கான இடம் கோட்பாட்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அதோடு, ஒரு வகையினரின் எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ மற்ற வகையினர் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்பதையும் பார்ட்டில் விரிவாக ஆராய்ந்தார். உலகத்தை மட்டும் நாடுபவரும் மக்கள்தொகையின் சமநிலைக்கு உட்பட்டவரே என்பது அதன் உட்கிடை. பின்வந்தோர் நால்வகைப் பெயர்களைப் பற்றிக்கொண்டு இந்தப் பகுதியை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட் கூட்டாடலைக் கிட்டத்தட்ட கட்டாயமாக்கியது. பாத்திரம் செத்தால் அனுபவப் புள்ளிகள் கரையும். ஆயுதமும் கவசமும் செத்த இடத்தில் கிடக்கும் உடலோடு தங்கிவிடும். அவற்றை மீட்க வெறுங்கையோடு திரும்பிப் போகவேண்டும், பெரும்பாலும் பிறர் துணையோடு. மந்திரக்காரர்கள் சக்தியை மீட்க உட்கார்ந்து, திரையை மறைக்கும் மந்திரப் புத்தகத்தைப் பார்த்தபடி நிமிடக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் பேச்சு பிறந்தது, பேச்சில் நட்பு பிறந்தது. டி. எல். டெய்லர் 2006இல் வெளியிட்ட எவர்குவெஸ்ட் ஆய்வு நூல், நம்பிக்கையும் நற்பெயரும் அந்த உலகில் எப்படி உழைத்துச் சேர்க்கும் முதலாக இருந்தன என்பதைக் காட்டுகிறது.

ஆனால் அந்த எவர்குவெஸ்டிலேயே தனியாடுவோர் இருந்தார்கள். நெக்ரோமான்சர் என்னும் பிணமந்திரவாதிக்கு எலும்புக்கூட்டு அடியாள் உண்டு. மெல்ல மெல்ல உயிர் குடிக்கும் மந்திரங்களும், தேவைப்பட்டால் செத்ததுபோல் நடிக்கும் வித்தையும் உண்டு. எதிரியைத் தொடவிடாமல் ஓடிக்கொண்டே அடிக்கும் உத்தியை ட்ரூயிடுகள் ஒரு கலையாக வளர்த்தார்கள். 2002இல் ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 11 இன்னும் கறாரானது. தொடக்க லெவல்களைத் தாண்டினால் அணி இல்லாமல் நகர்வது பெரும்பாலான தொழில்களுக்கு அரிது. அங்கும், காட்டு விலங்குகளை வசியம் செய்து சண்டையிட வைக்கும் பீஸ்ட்மாஸ்டர் தனியாடுவோரின் புகலிடமாக இருந்தது. விதி எவ்வளவு இறுகினாலும் ஒதுங்கி ஆட விரும்புவோர் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். தனியாடல், பிற்காலத்து நிறுவனங்கள் ஊட்டி வளர்த்த சோம்பேறிப் பழக்கம் என்ற பரவலான குற்றச்சாட்டு இந்த வரலாற்றின் முன் நிற்காது.

கட்டாயக் கூட்டு நட்பை வளர்த்தது என்ற நினைவையும் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸை ராஃப் காஸ்டர் தலைமையிலான குழு, ஒருவர் இன்னொருவர் இல்லாமல் வாழ முடியாதபடி திட்டமிட்டு வடித்தது. போரிட்டுக் களைத்தவர் மதுக்கூடத்துக்குப் போய், அங்கே ஆடும் அல்லது இசைக்கும் இன்னொரு ஆட்டக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் களைப்பு தீரும். நிக்கோலா டுஷ்னோவும் ராபர்ட் மூரும் இந்த உலகின் மதுக்கூடம் ஒன்றையும் விண்கலத் தளம் ஒன்றையும் கவனித்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே நடந்தவற்றில் பெரும்பகுதி சுருக்கமான, காரியம் முடிக்கும் பரிமாற்றங்கள்தான். நடனக்காரர்கள் பலர் தானியங்கிக் கட்டளைகளை ஓடவிட்டிருந்தார்கள். கூட்டம் இருந்தது, ஒருவர் மற்றவருக்குத் தேவையாகவும் இருந்தார், உறவு மட்டும் வடிவமைப்பாளர் எண்ணிய அளவு மலரவில்லை.

2006இன் இரு ஆய்வுகள்

2004 நவம்பர் 23 அன்று ப்ளிஸார்ட் நிறுவனம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை வெளியிட்டபோது நிலைமை தலைகீழானது. தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் பாத்திரங்கள் அடுத்தடுத்து வேலை கொடுத்தன. எந்தத் தொழிலைத் தேர்ந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தனியாக முடிக்கலாம். நாளுக்கு ஒரு மணி நேரமே வாய்ப்பவருக்காக, விடுதியில் ஓய்ந்திருந்த பாத்திரத்துக்கு இரட்டை அனுபவப் புள்ளிகள் வழங்கப்பட்டன. 2010இல் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. இந்தப் பெருக்கத்துக்குத் தனியாடலின் எளிமை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், அது இல்லாமல் இது நடந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

இந்த விளையாட்டைப் பற்றி டுஷ்னோ, நிக் யீ, எரிக் நிக்கல், மூர் ஆகியோர் 2006இல் ‘அலோன் டுகெதர்?’ என்ற தலைப்பில் வெளியிட்ட ஆய்வே நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. யார் எந்த லெவலில், எந்தப் பகுதியில், எந்தக் கில்டில் (ஆட்டக்காரர் சங்கத்தில்), அணியிலா தனியாகவா இருக்கிறார்கள் என்பதைச் சர்வரிடமே திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிவுசெய்யும் கருவியை அவர்கள் பயன்படுத்தினார்கள். குறிப்பாக முதல் கட்ட லெவல்களில் கூட்டாடல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும், உச்ச லெவலை நெருங்கும்போதுதான் அது கூடுகிறது என்றும் தெரியவந்தது. அப்படியானால் மற்றவர்கள் எதற்கு? அவர்கள் பார்வையாளர்கள், உடனிருப்பின் உணர்வைத் தருபவர்கள், வேடிக்கைக் காட்சி என மூன்று விடைகளை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அரிய கவசம் பூண்டு நகர மையத்தில் நிற்பவருக்கு அதைக் காணக் கண்கள் வேண்டும். பொது அரட்டையில் ஓடும் பேச்சு, கலந்துகொள்ளாதவருக்கும் உலகம் உயிரோடிருப்பதைச் சொல்கிறது.

அதே ஆண்டு கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் எதிர்த்திசையில் நின்று எழுதினார்கள். வீட்டுக்கும் பணியிடத்துக்கும் வெளியே மனிதர் கூடும் தேநீர்க்கடை, முடிதிருத்தகம் போன்ற ‘மூன்றாம் இடங்கள்’ பற்றி ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதியதை எடுத்துக்கொண்டு, எம்.எம்.ஓக்கள் அத்தகைய இடங்களே என்று அவர்கள் வாதிட்டார்கள். ஆழ்ந்த நட்பைவிட, பலதரப்பட்ட மனிதரோடு இலேசான தொடர்பை இவ்விடங்கள் அதிகம் தருகின்றன என்பது அவர்கள் முடிவு.

முரணாகத் தோன்றும் இவ்விரு முடிவுகளுக்கும் காரணம் பாதி முறையியலில் இருக்கிறது, பாதி எடுத்துக்கொண்ட விளையாட்டில் இருக்கிறது. முதல் ஆய்வின் கருவிக்கு அணி தெரியும், அரட்டை தெரியாது. தனியாகக் காட்டில் ஓநாய் அடித்துக்கொண்டே கில்டு நண்பர்களோடு விடிய விடியப் பேசுபவர் அதன் கணக்கில் தனியாடுபவரே. இரண்டாம் ஆய்வு இனவரைவியல் பாணியில் உள்ளே வாழ்ந்து எழுதப்பட்டது. அதன் களங்களில் முக்கியமானது லினேஜ். குலங்கள் கோட்டைக்காகப் போரிடும் அந்தக் கொரிய விளையாட்டில் ஒதுங்கி நிற்பது கடினம். என் பார்வையில், முதல் ஆய்வு செயலையும் இரண்டாம் ஆய்வு பேச்சையும் அளந்தன. அணி சேர்தல் ஒரு கோடு, மனிதத் தொடர்பு வேறொரு கோடு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒரே படத்தில் பொருந்திவிடும்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு தேவையானது என்பதை 2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அறிமுகமான டன்ஜன் ஃபைண்டர் காட்டியது. அதுவரை ஒரு டன்ஜனுக்கு, அதாவது சிறு அணியாகக் கடக்கவேண்டிய எதிரி அரணுக்குப் போக, அரட்டையில் ஆள் தேடி, பேசி, நடந்து போய்ச் சேரவேண்டும். இப்போது ஒரு பொத்தான் போதும். வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐவரை இயந்திரமே பொறுக்கி வாசலில் இறக்கிவிடும். அந்த ஐவரும் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் வேலையை முடித்துப் பிரிந்துபோவது வழக்கமாயிற்று. கணக்கெடுப்பில் இது கூட்டாடல். அனுபவத்தில் தனியாடலைவிடத் தனிமையானது. 2022இல் பழைய விரிவாக்கம் ஒன்றை மீள வெளியிட்டபோது ப்ளிஸார்ட் இந்த வசதியை வேண்டுமென்றே விலக்கிவைத்ததும், ஆட்டக்காரர்களிடையே நீண்ட சர்ச்சைக்குப் பின் 2023இல் சேர்த்ததும், அணி என்பதன் பொருள் இன்னும் தீராத வழக்கு என்பதைக் காட்டுகின்றன.

மறுப்பாகத் தனியாடல்

தனியாடுவோர் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத் தனியாடுவதில்லை. சிலருக்கு அது சூழ்நிலை: கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பவர், நாற்பது நிமிடம் இடைவிடாமல் உட்கார முடியாத உடல்நிலை உள்ளவர், பணிமுறை மாறிக்கொண்டே இருப்பவர். இவ்வகை விளையாட்டுகள் பலவற்றுக்கு இந்தியாவில் சர்வர் கிடையாது. ஐரோப்பிய சர்வரில் குளிர்கால இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ரெய்டு என்னும் பெருங்கூட்டுப் போரில் கலந்துகொள்ள, இங்கிருப்பவர் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு உட்காரவேண்டும். தொலைவினால் வரும் தாமதம் வேறு. அவருக்குத் தனியாடல் விருப்பமாக இல்லாமல், கிடைத்த ஒரே வழியாகவும் இருக்கலாம். வேறு சிலருக்குக் கதைதான் ஈர்ப்பு. 2011இல் வந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக், எட்டுத் தொழில்களுக்கு எட்டு முழுநீளக் கதைகளைக் குரல் நடிப்போடு தந்தது. அவற்றை மட்டும் ஆடி முடித்து விலகுபவரை வழிதவறியவர் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைப்பவர்கள் மூன்றாம் வகையினர். பிறர் உதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை வேண்டாம் என்று மறுத்து ஆடுபவர்கள். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் அயர்ன்மேன் முறை இதற்குச் சிறந்த சான்று. முதலில் சில ஆட்டக்காரர்கள் தாமாகவே விதித்துக்கொண்ட நோன்பாக இருந்ததை ஜாகெக்ஸ் நிறுவனம் 2014 அக்டோபரில் முறையான விதியாக்கியது. அயர்ன்மேன் யாரோடும் பண்டம் மாற்ற முடியாது. பொதுச் சந்தையில் பிறர் விற்கும் பொருளை வாங்க முடியாது. பிறர் கீழே போட்டதை எடுக்க முடியாது.

இந்த விதி விளையாட்டை என்ன செய்கிறது? சாதாரணக் கணக்கு வைத்திருப்பவருக்குப் பிரார்த்தனைத் தைலம் வேண்டுமென்றால் சந்தையில் இரண்டு சொடுக்கு. அயர்ன்மேனுக்கோ அது ஒரு பயணம். ரனார் மூலிகையின் விதையைத் தேடிப் பெற்று, பாத்தியில் ஊன்றி வளர்க்கவேண்டும், அல்லது அதை வைத்திருக்கும் அரக்கரை வீழ்த்தவேண்டும். ஸ்னேப் புல்லைப் பறிக்க ஹாப்காப்ளின்கள் திரியும் மேற்குக் கடற்கரை முனைக்கு நடக்கவேண்டும். பிறகு இரண்டையும் கலக்கும் மூலிகைத் திறனைப் பழகவேண்டும். சந்தை பொருளற்றதாக்கிவிட்ட ஒவ்வொரு மூலைக்கும் இதனால் மீண்டும் பொருள் வருகிறது. உலகை வடிவமைத்தவர்கள் வரைந்து வைத்த பாதைகள் அத்தனையும் நடக்கப்படுகின்றன. தனியாடலின் இன்பத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு ஏற்பாட்டை நான் அறியேன்.

இருந்தும் அயர்ன்மேனின் பெயருக்கு முன்னால் அரட்டையில் ஒரு தலைக்கவசச் சின்னம் எல்லோருக்கும் தெரியும்படி தோன்றுகிறது. அவருக்கெனத் தனித் தரவரிசைப் பட்டியல் இருக்கிறது. அவர் பேசலாம், குழுக்களில் சேரலாம். பலர் அப்படியே செய்கிறார்கள். பொருளாதாரத்தில் தனியர், பேச்சில் தனியர் அல்லர். சந்தையே இல்லாத, வேறு மனிதரே இல்லாத ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்தால் அதே மூலிகையை அதே பாத்தியில்தான் வளர்ப்பார். ஆனால் மறுப்பதற்கு அங்கே எதுவும் இராது. மறுத்ததை அறிய ஆளும் இரார். 2021இல் சிறு குழுவாக அயர்ன்மேன் ஆடும் முறை வந்தபோது, ஊர்ச் சந்தையை மறுத்தவர்களுக்கு நெருங்கிய சிலரோடு பகிர்ந்துகொள்ளும் வழியும் திறந்தது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் டபுள்ஏஜென்ட் என்ற பாண்டாப் பாத்திரத்தின் கதையும் இந்த வரிசையில் சேரும். 2012இல் அறிமுகமான பாண்டரன் இனத்தவர் ஓர் ஆமையின் முதுகில் அமைந்த தீவில் தொடங்கி, சில லெவல்களுக்குப் பின் இரு பெருந்தரப்புகளில் ஒன்றைத் தேர்ந்துதான் வெளியுலகுக்குப் போகவேண்டும். இந்த ஆட்டக்காரர் எந்தத் தரப்பையும் தேரவில்லை. தொடக்கத் தீவிலேயே தங்கி, மூலிகை பறித்தும் தாது வெட்டியும் அன்றைய உச்சமான 90ஆம் லெவலை எட்டினார். செய்தி விளையாட்டு இதழ்களில் வந்தது; அவர் பெயர் ஆட்டக்காரர்களிடையே பரவியது. ஒரு மூலையில் பூப்பறித்துக்கொண்டிருந்த தனிமை, இலட்சக்கணக்கானோர் பகிரும் விதிகளின் பின்னணியில்தான் ஒரு சாதனையாயிற்று.

பேசாத உறவு

பார்வையாளர் மட்டுமல்ல, சந்தையும் தனியாடுபவரின் துணை. ஏலக்கூடத்தில் தாதுவை விற்றுத் தோல்பையை வாங்குபவர் ஒரு நாளில் பலரோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறார், ஒருவரோடும் பேசாமல். 2003இல் ஐஸ்லாந்தில் உருவான ஈவ் ஆன்லைனில் இது உச்சத்தைத் தொடுகிறது. அங்கே ஜிட்டா என்னும் விண்மீன் மண்டலத்து நிலையத்தில் உட்கார்ந்தபடியே விலை பார்த்து வாங்கி விற்பதையே முழுநேர ஆட்டமாகக் கொண்டவர்கள் உண்டு. எங்கோ இரு கூட்டணிகள் மோதிக் கப்பல்கள் நொறுங்கினால் ஜிட்டாவில் உதிரிபாக விலை அசையும். அந்த வணிகர் போரைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். அதைத் தன் பேரேட்டில் படித்திருப்பார்.

இத்தகைய இருப்பை விளங்கிக்கொள்ள விளையாட்டு ஆய்வுக்கு வெளியேயிருந்து இரு கருத்துகள் உதவும். சமூகவியலர் எர்விங் கோஃப்மன் 1963இல், பொது இடத்தில் அந்நியர் ஒருவரையொருவர் கண்டுகொண்டதை மெல்ல உணர்த்திவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொள்ளும் நாகரிகத்தைப் பற்றி எழுதினார். கவனியாமை என்பது அங்கே உறவின்மை அல்ல. அது அந்நியருக்கு அளிக்கும் ஒரு மரியாதை. எம்.எம்.ஓவின் காட்டுவழியில் எதிரே வருபவர் போகிற போக்கில் ஒரு நலமந்திரத்தை எறிந்துவிட்டு நிற்காமல் போவது இதன் அழகிய வடிவம். உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட் 1958இல், தனித்திருக்கும் திறனே இன்னொருவர் அருகில் இருக்கும்போது தனித்திருந்த குழந்தைப்பருவ அனுபவத்தில் வேர்கொண்டது என்றார். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான உறவைப் பற்றிச் சொன்னதை விளையாட்டுச் சர்வருக்கு அப்படியே பொருத்துவது மிகை. ஆயினும் பிறர் அருகிருப்பும் தனிமையும் ஒன்றையொன்று அழிக்காமல் தாங்கலாம் என்ற அளவில் அது நமக்குப் போதும். மாலையில் மெரினா மணலில் தனியாக உட்கார வருபவர், ஆளற்ற கடற்கரை கிடைத்தால் இன்னும் மகிழ்வார் என்று நாம் எண்ணுவதில்லை.

இந்த விளக்கத்துக்கு ஒரு வலுவான எதிர்ப்பு உண்டு. அதைச் சந்திக்காமல் போவது நேர்மையல்ல. பிறர் அருகிருப்பால் வரும் இன்பம், பிறரோடு வாழ்வதால் வருவதன் நிழல்தானே? நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் 2014இல் தம் 25ஆம் வயதில் இறந்தார். வீட்டுக்குள் தனிமையில் கழிந்த வாழ்வு அது என்றே பெற்றோர் எண்ணியிருந்தார்கள். மரணச் செய்தி வெளியானதும் ஐரோப்பாவெங்கும் இருந்து கடிதங்கள் வந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு கில்டின் உறுப்பினராக அவர் பலருடைய வாழ்வில் ஆழமாகப் பங்குகொண்டிருந்தது தெரிந்தது. 2024இல் வெளியான ஆவணப்படம் இதை உலகறியச் செய்தது. இப்படிப்பட்ட உறவு தனியாடுபவருக்குக் கிடைக்காது. இதை மறுக்க ஒன்றுமில்லை. தனியாடல் எம்.எம்.ஓ தரக்கூடிய மிகப்பெரிய கொடையை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் விட்டுக்கொடுத்தபின் எஞ்சுவது வெறுமை அல்ல என்பதும், பேச்சின்றி அருகிருந்த பலர் பின்னொரு நாள் பேசத் தொடங்குவதற்கான வாசலாக அது இருக்கிறது என்பதும் என் நிலைப்பாடு. கூச்சமுள்ளவருக்கு அந்த வாசல் இல்லாவிட்டால் உள்ளே வரவே வழி இல்லை.

கணினித் தோழர்கள்

கடந்த பத்தாண்டுகளில் நிறுவனங்கள் தனியாடுவோருக்கு வேறு விதமாகக் கை கொடுக்கின்றன. மனிதர் நிற்கவேண்டிய இடத்தில் கணினி இயக்கும் தோழர்களை நிறுத்துகிறார்கள். இதில் சிந்தித்துச் செய்யப்பட்டது ஃபைனல் ஃபேன்டஸி 14. அதன் முதல் கதையின் இறுதிக்கட்டமான ப்ரிட்டோரியம் என்ற டன்ஜனை நீண்டகாலம் எண்மர் அணியாகவே கடக்கவேண்டியிருந்தது. புதியவர் கதைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, பழையவர்கள் அதைத் தாண்டி ஓடி எதிரியைக் கொன்று முடித்துவிடுவார்கள். இதைத் தடுக்கக் காட்சிகளைத் தாண்ட முடியாதபடி ஆக்கினார்கள். இப்போது பழையவர்கள் கட்டுண்டு உட்கார நேர்ந்தது. கதையும் கூட்டமும் ஒன்றையொன்று கெடுத்த இந்த இடத்தை 2022 ஏப்ரலில் நால்வர் அணிக்கு மாற்றியமைத்து, கதைப் பாத்திரங்களையே துணையாக அழைத்துப்போகும் வசதியையும் சேர்த்தார்கள். தயாரிப்பாளர் நவோக்கி யோஷிதாவின் குழு, முதன்மைக் கதையின் டன்ஜன்கள் அனைத்துக்கும் பின்னர் இதை விரிவாக்கியது. இங்கே தோழர்கள் கதையின் மனிதர்கள். அவர்களோடு நடப்பது கதைக்கு வலு சேர்க்கிறது. இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். கடினமான எண்மர் போர்கள் இன்னும் மனிதருக்கே விடப்பட்டிருப்பதையும் சேர்த்தே.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2024இல் இரண்டு படிகள் எடுத்தது. ஆண்டின் தொடக்கத்தில், டன்ஜன்களில் கணினித் தோழர் நால்வரோடு போகும் வழி. ஆகஸ்டில், ப்ரான் ப்ரான்ஸ்பியர்ட் என்ற குள்ளரைத் துணையாகக்கொண்டு தனியாகவே போகக்கூடிய டெல்வ் என்னும் குறும்பயணங்கள், வலுவான பரிசுகளோடு. இங்கே எனக்குத் தயக்கம் தொடங்குகிறது. புதியவர் பயிற்சி பெறும் இடமாக இது சிறந்தது. அந்நியர் திட்டுவார்களோ என்ற அச்சமின்றித் தவறு செய்யலாம். ஆனால் உச்சநிலைப் பரிசுக்கான பாதை முழுவதும் கதவடைத்த அறைகளில் நடந்தால் திறந்தவெளியில் யார் உலவுவார்? தனியாடுபவர் அறைக்குள் போனபின், அவரைப் போன்ற இன்னொரு தனியாடுபவரின் நிலப்பரப்பிலிருந்து ஓர் உருவம் குறைகிறது.

இதைவிட நல்ல விடையை 2012இலேயே கில்டு வார்ஸ் 2 தந்துவிட்டது என்பது என் மதிப்பீடு. பழைய விளையாட்டுகளில் அந்நியர் அருகில் வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். நாம் குறிவைத்த மிருகத்தை அவர் அடித்துவிடுவார். நாம் கண்ட தாதுவை அவர் வெட்டிவிடுவார். அரீனாநெட் இந்தப் போட்டியை வேரோடு எடுத்தது. ஒரே தாதுப் பாறையை ஒவ்வொருவரும் தமக்கென வெட்டலாம். எதிரியை அடித்த அனைவருக்கும் தனித்தனியே பங்கு உண்டு. விழுந்தவரை யாரும் எழுப்பலாம். ஊரைக் கொள்ளையர் தாக்கினால் அங்கே இருப்போர் எண்ணிக்கைக்கு ஏற்ப எதிரிகளின் பலம் கூடும். அழைப்பு இல்லை, அணி இல்லை, அறிமுகம் இல்லை. தற்செயலாக வந்த முப்பது தனியர்கள் ஒரு பெரும் பூதத்தை வீழ்த்திவிட்டுத் தத்தம் வழியே கலைகிறார்கள். அந்நியரின் வருகை இழப்பாக இல்லாமல் வரவாக மாறியதே இதன் சாரம். தனியாடுபவரிடமிருந்து மனிதரை அகற்றாமல், மனிதரால் வரும் தொல்லையை மட்டும் அகற்றிய வடிவமைப்பு இது.

போலிக் கூட்டம் போதுமா?

மனிதர் அருகிருப்புதான் இன்பமென்றால், அருகிருப்பதுபோன்ற தோற்றமே போதாதா? இந்தக் கேள்வியும் புதிதல்ல. 2002இல் ஜப்பானில் வெளிவரத் தொடங்கிய, சைபர்கனெக்ட்2 உருவாக்கிய ‘டாட் ஹேக்’ வரிசை, ஒரு கற்பனை எம்.எம்.ஓவுக்குள் நடக்கும், ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு. அதில் எதிர்ப்படும் ‘ஆட்டக்காரர்கள்’ அனைவரும் எழுதப்பட்ட பாத்திரங்கள். 2018இல் வந்த கிராஸ்கோடும் அப்படியே. 2025இல் முன்வெளியீடு கண்ட எரன்ஷார் இன்னும் ஒரு படி மேலே போனது. எவர்குவெஸ்ட் காலத்து உலகை மீட்டெடுத்து, அதில் அரட்டையடித்து, லெவல் ஏறி, கில்டு சேரும் போலி ஆட்டக்காரர்களை உலவவிட்டு, முழுவதையும் ஒருவருக்கான விளையாட்டாகத் தருகிறது. கூட்டத்தைப் பொய்யாகவேனும் செய்துவைக்கவேண்டும் என்று இதை ஆக்கியோர் உணர்ந்ததே என் வாதத்துக்கு ஓர் ஆதரவு. அந்தப் பொய்யால் ஆட்டக்காரரின் மனம் நிறைந்துவிட்டால், மெய்யான மனிதர் தேவை என்ற என் வாதத்தின் மறுபாதிக்கு அதுவே எதிர்ச்சான்று.

இதில் நிலைப்பு என்ற பொருளாதாரக் கணக்கும் சேர்கிறது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற எம்.எம்.ஓவின் சர்வர்கள் 2012 நவம்பர் 30 அன்று அணைக்கப்பட்டபோது, அணியாக ஆடியவர், தனியாக ஆடியவர் எல்லோருடைய பாத்திரங்களும் ஒரே நாளில் அழிந்தன. தனியாடுபவருக்கு இணையம் தேவைப்படாத போலி உலகில் இந்த அபாயம் இல்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸை இரசிகர்கள் தாமே மீட்டெடுத்து நடத்திய ஹோம்கமிங் சர்வருக்கு என்சிசாஃப்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் உரிமம் அளித்தது அரிதான விதிவிலக்கு. தாம் பேசாத, பெயரறியாத கூட்டம் தொடர்ந்து சந்தா கட்டும்வரைதான் தனியாடுபவரின் உலகமும் இருக்கும். அவர் கூட்டத்தைச் சார்ந்திருப்பதில் மிகக் கடினமானது இதுவே.

ஆகவே இக்கட்டுரையின் வாதத்தைச் சோதிக்கும் வழி தெளிவாக இருக்கிறது. எம்.எம்.ஓவில் நெடுங்காலம் தனியாக ஆடியவர்கள், எரன்ஷார் போன்ற போலிக் கூட்ட உலகுக்கு நகர்ந்து, புதுமை தீர்ந்தபின்னும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்குகிறார்களா என்று பார்க்கவேண்டும். தங்கினால், அவர்களுக்கு வேண்டியிருந்தது கூட்டத்தின் தோற்றம்தான் என்று ஆகும். மேலே பார்வையாளர், சந்தை, அருகிருப்பு பற்றிச் சொன்னவற்றில் பாதியை நான் திரும்பப் பெறவேண்டியிருக்கும். சில மாதங்களில் களைத்து, மனிதர் உலவும் சர்வருக்கே திரும்பி, அங்கும் யாரோடும் சேராமல் ஆடத் தொடங்கினால், ஆய்வாளர்கள் அவர்களிடம் கேட்கவேண்டியது ஏன் தனியாக ஆடுகிறீர்கள் என்பதை அல்ல, ஏன் திரும்பி வந்தீர்கள் என்பதை.